பாஸ்கா தள்ளிப்போன வருஷம்

நான் ஒருசந்தி இருப்பதில்லை. தபசு காலத்தில் எங்கள் சபையார் எல்லாரும் நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளும்போது, என் வீட்டு அடுப்பு மூன்று வேளையும் எரிகிறது. வாசலுக்கு வருகிறவர்களை உட்காரவைத்துச் சோறு போடுகிறேன். இதைப் பற்றிக் கோவில் வாசலில் பேசாத வாய் இல்லை. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த சாமியார் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வயதானவன் நீயே இப்படி நடந்தால் சிறுசுகள் எதைக் கற்றுக்கொள்ளும் என்று கேட்டார். சாப்பிடக் கற்றுக்கொள்ளும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல மனிதர்தான் அவர். எனக்குத்தான் வாய் அடங்காது.

அவரிடம் சொல்லாத காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. நைனா ஏரியில் வலை போடுகிறவர். அம்மா, நான், எனக்கு நான்கு வயது இளையவளான தங்கச்சி. கரையில் இருந்த மற்றக் குடும்பங்கள் எல்லாம் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். மாதா கோவிலுக்குப் போகிற வீடுகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர்களும் ஏசுவைத்தான் கும்பிட்டார்கள், ஆனால் வேறு சபை. எங்கள் சாமியார்கள் ஊருக்குள் வருவது அவர்களுக்குப் பிடிக்காது. அதனால் கோவில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். எங்களுக்கென்று இருந்தது ஓர் உபதேசியாரும் அவருடைய கைமணியும்தான். தபசு தொடங்குகிற விபூதிப் புதன் என்றைக்கு, பெரிய வெள்ளி என்றைக்கு என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஆண்டவர் உயிர்த்த நாளான பாஸ்கா அன்று விடியும்போது மணியை ஆட்டிக்கொண்டே கரையோடு நடந்து வருவார். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் ஒருசந்தி முடிந்ததாகக் கணக்கு. அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைக்க மாட்டோம்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை இல்லை. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரும் வரவில்லை, கடல் தண்ணீரும் வரவில்லை. ஏரி சுருங்கிக்கொண்டே போயிற்று. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கடைசியில் உப்புப் பூத்த சேறுதான் மிச்சம். நைனா கடற்கரைக் குப்பத்துக்காரர்களிடம் கெஞ்சி, அவர்கள் கட்டுமரத்தில் கூட ஓர் ஆளாகப் போனார். ஏதோ கொஞ்சம் மீன் கிடைக்கும். ஆனால் மீனை வாங்கிக்கொண்டு தானியம் கொடுக்க ஆள் இல்லை. ஆரம்பாக்கம் பக்கத்து நெல்லுக்காரர்களே நிலத்தைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து பனைமரங்களுக்கு அடியில் படுத்துக்கிடந்தார்கள். கடலில் அடிமை ஏற்றுகிற கப்பல்கள் நின்றன. கரையில் தரகர்கள் திரிந்தார்கள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு நெல் வாங்கிக்கொண்டு போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நெல்லை அவர்கள் எப்படிக் குத்தினார்கள், எப்படி உலை வைத்தார்கள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

உபதேசியார் மயிலாப்பூருக்குப் போய்விட்டார். விபூதிப் புதன் என்றைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பாஸ்காவுக்குள் திரும்பிவிடுவேன் என்றும் சொல்லிப் போனார். மணியும் அவரோடு போயிற்று.

அம்மாவின் கைமணத்தைப் பற்றி நான் பெருமை பேசப் போவதில்லை. அந்த வருஷம் மணக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு வேளை உணவை எடுக்கிற வித்தை அவளுக்குத் தெரிந்திருந்தது. உப்புத் தரையில் தானாக முளைக்கிற உமரிக்கீரையைப் பறித்துவந்து வேகவைப்பாள். வெந்த தண்ணீரே உப்புக் கரிக்கும்; அதைக் கொட்டாமல் கஞ்சிக்கு ஊற்றினால் உப்புச் செலவு மிச்சம். புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்துத் தோலை எடுத்து, இடித்து மாவாக்கிக் கேழ்வரகில் கலந்து களி கிண்டுவாள். அது வயிற்றில் கல்லாக உட்காரும். உட்காரட்டும், ஏதோ இருக்கிறது என்று வயிறு நம்பும் என்பாள். மீன் முள்ளைக் காயவைத்து, சட்டியில் சிவக்க வறுத்து, ஒரு மிளகாயோடு சேர்த்து இடித்தால் பொடி. மீன் தலையை மூன்று தடவை வேகவைத்து மூன்று தடவையும் சாறு எடுப்பாள். மூன்றாவது சாற்றில் மீன் வாசனை இருந்ததா, எங்கள் ஆசை வாசனையாக வந்ததா, தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள். சொந்தம் இல்லை, அம்மாவின் சிநேகிதி. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, பிள்ளைகள் இல்லை. விறகு மிச்சம் பிடிக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று அம்மாவும் அவளும் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா கங்கையம்மனைக் கும்பிடுகிறவள். எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, உங்க சாமி எங்க சாமி ரெண்டு பேருமே தூங்கிட்டாங்க என்று அடிக்கடி அலுத்துக்கொள்வாள். தூங்குகிற சாமியைத் திட்டினால் எழுந்தா வரும் என்று சொல்லிக்கொண்டே அம்மா களியைக் கிண்டுவாள்.

தபசு காலத்துக்கு முன்னால் எல்லாம் தங்கச்சி அழுவாள். இரண்டாவது வேளை இல்லை என்று தெரிந்தும் இருட்டுகிற நேரத்துக்குச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அழுவாள். விபூதிப் புதன் வந்த நாளிலிருந்து அந்த அழுகை நின்றுபோயிற்று. போன வருஷம் வரைக்கும் அவளைச் சின்னப்பிள்ளை என்று ஒருசந்தி இருக்க விட்டதில்லை. இந்த வருஷம் பெரியவர்களோடு சேர்த்துக்கொண்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை. பசிக்கிறதா என்று கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்துவாள். அம்மா இதைக் கவனித்துவிட்டாள்.

"பசிக்கு ஒரு பேர வெச்சா புள்ள அழமாட்டேங்குதுக்கா," என்று பெரியம்மாவிடம் சொன்னாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் அதை வினை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுகிற குழந்தையின் அழுகையை நிறுத்த ஒரு தாய்க்குக் கையில் கிடைத்தது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு வெண்கலப் பானை உண்டு, அம்மாவின் சீர். மற்ற நாளெல்லாம் மண்சட்டிதான். வெண்கலப் பானை கிறிஸ்மஸுக்கும் பாஸ்காவுக்கும் மட்டும் இறங்கும். அந்த வருஷம் அதற்குள் கொஞ்சம் பச்சரிசி இருந்தது. பஞ்சத்தின் தொடக்கத்திலேயே அம்மா பிடி பிடியாக எடுத்து ஒளித்து வைத்தது. நைனாவுக்குக்கூடத் தெரியாது, எனக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். மழை விழுகிற வரைக்கும் யாராவது ஒருவருக்கு உயிர் போகிற நிலைமை வந்தால் அப்போது எடுக்கலாம் என்று வைத்திருந்தாள். பாஸ்கா என்று சொன்னால் பானையை இறக்க வேண்டும், இறக்கினால் அரிசி ஒரே நாளில் தீர்ந்துபோகும். மறுநாளும் ஒரு வேளைதான் என்றால் தங்கச்சிக்கு என்ன சொல்வது? மறுபடி அழுவாள். அதனால் அம்மா பாஸ்காவைத் தள்ளிவைத்தாள்; பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று மட்டும் நைனாவிடம் சொன்னாள்.

உபதேசியார் திரும்பி வரவில்லை. பங்குனிப் பௌர்ணமி கழிந்து வருகிற ஞாயிறு பாஸ்கா என்ற அளவுக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் நானும் தங்கச்சியும் நைனாவோடு கரையில் உட்கார்ந்திருந்தோம். கடலிலிருந்து நிலா முழுசாக ஏறி வந்தது. ஒரு வருஷமாக மேகம் என்று ஒன்றைப் பார்க்காத வானம். நிலாவை மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"நைனா, பௌர்ணமி வந்துடுச்சு. வர ஞாயித்துக்கெழம பாஸ்காதானே?" என்று தங்கச்சி கேட்டாள்.

நைனா நிலாவைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். ஏரியில் பிழைக்கிறவனுக்கு நிலாக் கணக்குத் தப்பாது. வெள்ளம் ஏறுவதும் வடிவதும், வலை எப்போது போடுவது என்பதும் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தன் மகள் பேரைக்கூட மறந்தாலும் மறப்பார், நிலாவை மறக்க மாட்டார்.

"இது மாசி நெலாமா," என்றார். "பங்குனி நெலா அடுத்ததுதான்."

தங்கச்சி நம்பிவிட்டாள். நைனா சொன்னால் நிலா கேட்கும் என்று நினைக்கிற வயது அவளுக்கு. நைனா எழுந்து சேற்றுப் பக்கமாக நடந்து போனார். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

தபசு நீண்டது. மத்தியானம் ஒரு வேளை. அதுவும் ஒரு கொட்டாங்குச்சிக் கஞ்சி, கொஞ்சம் கீரை. தங்கச்சி தன் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் போய்விடுவாள். செபம் சொல்லிவிட்டுக் குடிப்பேன் என்பாள். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான். இந்த ஊரில் ஒரு ஆளாவது கோவில் பக்கம் போகிறதே என்பாள். மாதா கோவில் பூட்டியிருந்தாலும் மாதாவுக்குக் காது கேட்காமல் போகுமா என்பாள்.

எல்லாரும்தான் மெலிந்தோம், ஆனால் தங்கச்சி மட்டும் கொஞ்சம் வேகமாக மெலிந்தாள். கால் வீங்கியது, முகம் ஊதியது, தலைமயிர் செம்பட்டை பாய்ந்தது. அம்மா தன் கொட்டாங்குச்சியில் பாதியை அவளுடையதில் ஊற்றத் தொடங்கினாள். நாள் ஆக ஆகப் பாதி முக்காலாயிற்று. அம்மா நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேர் பங்கைக் குடிக்கிற பிள்ளை ஏன் தேறவில்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஏதோ நோய் என்று பெரியம்மா அம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டாள். அம்மா செபமாலையை உருட்டினாள். சொல்லப்போனால் எங்கள் வீட்டில் அந்த நாட்களில் நடந்த பக்திக்குக் குறைவே இல்லை.

விறகு பொறுக்கப் போன பெரியம்மாதான் அதைப் பார்த்தாள். நேராக அடுப்படிக்கு வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். கோவில் சுவருக்குப் பின்னால் நெல்லுக்காரக் குடும்பத்துப் பெண் ஒன்று படுத்துக் கிடக்கிறது, தங்கச்சி வயதுதான் இருக்கும், தாய் செத்துவிட்டாள், தகப்பன் கப்பலேறிவிட்டான் என்று சொன்னாள். கஞ்சியை அதற்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு உன் மகள் பக்கத்தில் முட்டிபோட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னாள். தங்கச்சி வாயில் பச்சை உமரிதான் இருந்ததாம்.

அம்மா எழுந்து ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் எப்படி ஓடினாள் என்று தெரியவில்லை. நானும் பின்னால் ஓடினேன். தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எட்டு வயதுப் பெண்ணை அப்படித் தூக்க முடிந்தது என்பதிலேயே எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து படுக்கவைத்து, ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று கேட்டாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தபசு காலத்துல புடிச்சத இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு நீதானம்மா சொன்னே," என்றாள் தங்கச்சி. "எனக்குக் கஞ்சிதான் புடிக்கும்."

உண்மைதான். ஒவ்வொரு வருஷமும் அம்மா அதைச் சொல்லிக்கொடுப்பாள். நல்ல வருஷங்களில் நாங்கள் ஒரு துண்டுக் கருப்பட்டியைப் பாதியாக உடைத்துக் கொடுப்போம்.

அம்மா பரணில் ஏறி வெண்கலப் பானையை இறக்கினாள். அரிசியைப் பார்த்ததும் பெரியம்மா அடுப்பை ஊதினாள். அன்றைக்கு நைனா கொண்டுவந்திருந்த மடவை மீன் ஒன்று இருந்தது, கையளவு. அதன் சாறும் குழையக் குழைய வடித்த சோறும். அந்த வாசனை எனக்கு மயக்கம் வரவைத்தது. அம்மா சோற்றைப் பிசைந்து தங்கச்சியின் வாயருகில் கொண்டுபோனாள். தங்கச்சி வாயை மூடிக்கொண்டாள்.

பாஸ்கா வந்துவிட்டது, சாப்பிடு என்றாள் அம்மா. பௌர்ணமி இன்னும் ஆகவில்லை என்று நைனா சொன்னாரே என்றாள் அவள். நைனா பக்கத்தில்தான் இருந்தார். நான் பொய் சொன்னேன், அதுதான் பங்குனி நிலா, எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தங்கச்சி அவரைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினாள். தன்னைச் சாப்பிடவைக்கத்தான் பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மணி அடிக்கலையே," என்றாள்.

அம்மா சோற்றை ஓர் இலையில் கவிழ்த்தாள். சுடச்சுட இருந்த பானையை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அகப்பைக் காம்பால் அதை அடித்தாள். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே கரையோடு நடந்தாள், உபதேசியார் நடப்பதைப்போல, தூரத்திலிருந்து வருகிற மாதிரி திரும்பி வந்தாள். பனைமரங்களுக்கு அடியில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். யாரோ சோறு போடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிலர் எழுந்து வந்தார்கள். அம்மா அடித்துக்கொண்டே இருந்தாள். பானையின் விளிம்பு விரிசல் விட்டது, சத்தம் உடைந்தது. அதன் பிறகும் அடித்தாள்.

உள்ளே தங்கச்சி சிரித்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன், அதைப் பார்த்தேன். அம்மா வந்து ஊட்டியபோது வாயைத் திறந்தாள். இரண்டு வாய் விழுங்கினாள். பாஸ்காவுக்கு அவளையும் கூப்பிடு என்றாள். நான் போய் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். மிச்சச் சோற்றை அந்தப் பெண் தின்றாள், வாசலுக்கு வந்துவிட்டவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் போயிற்று. சாயங்காலம் தங்கச்சி இறந்துபோனாள்.

பசித்தவனுக்குக் கொடுத்தது தமக்கே கொடுத்தது என்று ஆண்டவர் சொல்லியிருப்பதாகச் சாமியார்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்தத் தபசு முழுக்க எங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்தது அவர்தான். என் அம்மாவின் பங்கையும் சேர்த்துக் குடித்தார். வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் கோவிலுக்குப் போகிறேன். கோபம் இருக்கிறவனிடம்தானே பேச்சும் இருக்கும்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பெரியம்மா அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்பதால் அவளுக்கும் அம்மாவின் கைச்சோறுதான். ரொம்ப நாள் வரைக்கும் அம்மா அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கொட்டாங்குச்சியைப் பார்த்து ஊற்றுவாள், நிறைய ஊற்றுவாள், திரும்பிக்கொள்வாள். அந்த வருஷக் கடைசியில் மழை கொட்டியது. ஆண்கள் எல்லாரும் சேர்ந்து முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டார்கள். ஏரியில் தண்ணீர் ஏறியது. நைனா மறுபடி வலை போட்டார்.

சில வருஷம் கழித்துப் புது உபதேசியார் ஒருவர் மயிலாப்பூரிலிருந்து வந்தார், புது மணியோடு. அந்த வருஷப் பாஸ்கா அன்று விடியும்போது மணிச் சத்தம் கரையோடு வந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். அகப்பை கையில் இருந்தபடியே, சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் மறைகிற வரைக்கும் அசையாமல் நின்றாள். பிறகு எல்லாருக்கும் இலை போட்டாள். நைனாவுக்கு, எனக்கு, பெரியம்மாவுக்கு, அந்தப் பெண்ணுக்கு. அரிசிச் சோறு, மடவைக் குழம்பு, இறால் வறுவல். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்களும் உட்காருங்கள் என்று அந்தப் பெண் எழுந்து அம்மாவுக்கு ஓர் இலையை விரித்தாள். அம்மா அன்றைக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"நீ துன்னு கண்ணு," என்றாள். "எனக்கு இன்னும் மணி அடிக்கல."

சாகிற வரைக்கும் அம்மா நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டாள். எங்கள் வீட்டு ஒருசந்தியை எல்லாம் அம்மாவும் தங்கச்சியும் இருந்து முடித்துவிட்டார்கள். அடுத்த முறை சாமியார் வந்து கேட்டால் இதைச் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். சொல்ல மாட்டேன். இலை போடுவேன்.